இருபத்தொன்பது

பதினோரு கோடை
டுலூத் நீர்நாய்கள் பேஸ்பால் அணிக்குக் கணக்கெழுதினேன்.
ஏரிக்காற்று இடப்பக்கம் திரும்பும் மாலைகளில்
எந்தப் பந்து எங்கே போய் விழும்,
இரட்டை ஆட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை
முழங்கால் வலிக்காரன் எத்தனை பந்தைக் கோட்டைவிடுவான்,
எல்லாம் என் பென்சிலுக்குத் தெரியும்.

பிறகு ஆர்டித் சோல்பெர்க்
மாநில செனட்டுக்கு நின்றார்.
ஓட்டம் எண்ணிக்கொண்டிருந்தவன்
ஓட்டை எண்ணப் போனேன்.

மட்டையாளரைப் பிரிப்பது போலத்தான்:
வயது, தெரு, மீன்பிடி உரிமம்,
போன நான்கு தேர்தலில் எத்தனைக்கு வந்தார்,
சுரங்கத்தை மூடிய வருடம் வேலையில் இருந்தாரா,
வாசல் பனியைத் தானே வழிக்கிறாரா, ஆள் வைத்தா.
ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு தசமம்,
ஆர்டித்துக்குப் போடும் வாய்ப்பு.
எனக்கும் போட்டுப் பார்த்தேன்: புள்ளி எட்டு ஏழு.
என் மனைவி ரோவேனாவுக்கு புள்ளி ஐந்து இரண்டு.
அதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு விஷயம் அப்போதே உறுத்தியது.
மட்டையாளன் ஒரு பருவத்தில்
ஐந்நூறு முறை என் கண்ணெதிரே நிற்கிறான்.
வாக்காளர் நாலு வருடத்துக்கு ஒருமுறை,
அதுவும் திரைக்குப் பின்னால்,
வெளியே கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க.

அக்டோபர் கடைசியில்
லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சூப் விருந்து.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
நன்றாய்க் கிளறிய பானைக்கு.
இங்கே வேகிறது காட்டரிசி.
ஒரு மணி வெடித்து மலர்ந்திருக்கும்,
ஒட்டிக்கிடக்கும் இன்னொன்று
கறுத்து, இறுகி, பல்லோடு சண்டைக்கு நிற்கும்.
அறுநூறு மணியை நசுக்கிப் பார்த்திருந்தேன் நான்.
தொலைபேசியை எடுக்காத மணிகள்
கரண்டிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தன.

நூற்றுக்கு எழுபத்தொன்று
என்று எழுதிக் கொடுத்தேன்.
கேக்குக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இரவு பதினொன்றே கால்.
வடக்கே மூன்று சிற்றூர்கள் கடைசியாக வந்தன.
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஆர்டித் தோற்றார்.
கேக்கின் மேல் அவர் பெயர்,
நீலக் கிரீமில், முழுசாக.

பனி வழிக்கும் லாரி ஓட்டுகிற எல்மர் நிஸ்காலா
என் மேசையைத் தட்டினான்.
"எழுபத்தொன்று என்றாயே?"

எல்மர்,
ஆகஸ்டில் அந்த ஆட்டத்துக்கு வந்திருந்தாயே,
மூன்றாம் வரிசை, மடியில் வேர்க்கடலை.
ஒன்பதாவது சுற்று, இரண்டு பேர் அவுட்.
யாதியேல் ரோசாரியோ மட்டையோடு வந்தான்.
நூறு முறை நின்றால்
இருபத்தொன்பது முறை அடிக்கிறவன்.
நீ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாய்.
அடிப்பான் என்று நம்பினாய்.
அடித்தான்.
அது எப்படி நடக்கலாம் என்று
அன்றைக்கு நீ யாரையும் கேட்கவில்லை.
அதே இருபத்தொன்பதுதான், எல்மர்.
இன்றைக்கு எதிரணிச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.
காலையிலிருந்து வீடுவீடாய்க் கதவு தட்டியவன் அவன்,
விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.
"ஆமாம், சொன்னேன்" என்றேன்.
கேக்கில் ஒரு துண்டை வெட்டி
அவன் பக்கம் தள்ளினேன்.
கடைசி எழுத்து இருந்த துண்டு.
நின்றபடியே தின்றான்.

வீட்டுக்கு வந்தபோது ரோவேனா விழித்திருந்தாள்.
முன்விளக்கை மறைத்து மெல்லிய பனி,
அந்த வருடத்தின் முதல் பனி.
பூட்ஸைக் கழற்றாமல் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து
கேட்டேன், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக,
யாருக்குப் போட்டாய் என்று.

"புள்ளி ஐந்து இரண்டு" என்றாள்,
விளக்கை அணைத்தாள்.